பேத்தியைத் தத்துக் கொடுக்கிறார்கள், ஒம்புட்ஸ்மன் கைவிரித்துவிட்டார்: இனி என்ன செய்வது?

வாசகி எழுதியது (சுருக்கி):

நான் கிழக்கு லண்டனில் இருக்கிறேன், வயது 61. பிள்ளை பிறந்த பிறகு என் மகளுக்கு மனநிலை குழம்பிவிட்டது. பேத்திக்கு எட்டு மாதமாக இருந்தபோது கவுன்சில் அவளை எடுத்துக்கொண்டு போனது. நான் வளர்க்கிறேன் என்று கேட்டேன். ஒரு சோஷல் வேர்க்கர் ஒரே ஒரு நாள் வந்து ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, தங்கச்சியின் 17 வயது மகன்தான் பக்கத்தில் இருந்து சொன்னான். "நாங்களும் இரண்டு அடி போட்டுத்தானே பிள்ளைகளை வளர்த்தோம்" என்று நான் சிரித்துக்கொண்டு சொன்னது, "உடல் தண்டனையை ஆதரிக்கிறார், ஆபத்தை விளங்கிக்கொள்ளவில்லை" என்று அறிக்கையில் வந்திருக்கிறது. முறைப்பாடு செய்தேன், வழக்கு முடியட்டும் என்றார்கள். ஒக்டோபரில் நீதிமன்றம் கெயார் ஓர்டரும் (பிள்ளையைக் கவுன்சிலின் பொறுப்பில் விடும் ஆணை) பிளேஸ்மென்ட் ஓர்டரும் (தத்தெடுக்கப் போகிறவர்களிடம் பிள்ளையைக் கொடுக்க அனுமதிக்கும் ஆணை) கொடுத்தது. நவம்பரில் திரும்ப முறைப்பாடு செய்தேன், இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. பெப்ரவரியில், கவுன்சில்களைப் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினேன். மார்ச் நடுவில் பேத்தியைத் தத்தெடுக்கப் போகிறவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் ஒம்புட்ஸ்மனின் கடிதம் வந்தது: இது நீதிமன்றத்தில் பார்க்கப்பட்ட விடயம், எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆளுக்காள் என்னைப் பந்தாடுகிறார்கள். மகள் இப்போது மருந்தை ஒழுங்காக எடுத்து, வேலைக்கும் போகிறாள். ஒம்புட்ஸ்மனின் முடிவை எதிர்த்து எழுதட்டுமா? அந்த சோஷல் வேர்க்கரை வேலையிலிருந்து நிறுத்த வழி இல்லையா?

பதில்:

அம்மா,

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சுவரில் தொங்கும் கலண்டரைக் கொஞ்சம் எடுங்கள்.

பேத்தி மார்ச் நடுவில் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். கவுன்சில் மூலம் தத்தெடுப்பவர்கள், பிள்ளை தங்களோடு பத்து வாரமாவது வாழ்ந்த பிறகுதான் தத்து ஆணை கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கிலாந்தின் 2002ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பத்து வாரம் எண்ணிப் பார்த்தால் மே மாதக் கடைசி வந்துவிடுகிறது. உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தது மே முதல் வாரம். பத்து வாரம் முடிந்த மறுநாளே விண்ணப்பம் போட்டுவிடுவார்கள் என்றில்லை, சில குடும்பங்கள் இன்னும் சில மாதம் பொறுத்துத்தான் போடுவார்கள். ஆனால் போட நினைத்தால் போடலாம்.

விண்ணப்பம் போட்டதும் உங்கள் மகளுக்கு ஒரு வாசல் திறக்கும். தத்து ஆணையை எதிர்க்க அனுமதி தாருங்கள் என்று அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். பிளேஸ்மென்ட் ஓர்டர் வந்த நாளிலிருந்து தன் நிலைமை மாறியிருக்கிறது என்று அவர் காட்ட வேண்டும். அதைக் காட்டிவிட்டால், பிள்ளையின் வாழ்நாள் நலனைப் பார்க்கும்போது வழக்கைத் திரும்பத் திறப்பது சரியா என்று நீதிபதி பார்ப்பார். ஒழுங்காக மருந்து, வேலை என்று நீங்கள் எழுதியிருப்பது இந்த முதல் படிக்கு நேராகப் பொருந்துகிற விடயம். உங்கள் கடிதத்தில் அது கடைசிக்கு முன் வரியில், போகிற போக்கில் வருகிறது. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

பெரிய நம்பிக்கை கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த அனுமதியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பில் விளக்கியது. பெற்றோருக்குக் கதவு முழுதாகச் சாத்தப்பட்டதுபோல நடக்கக்கூடாது, தத்து என்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கிற கடைசி முடிவு என்றெல்லாம் அதில் சொன்னார்கள். அப்படிச் சொன்ன அதே வழக்கில் அந்தத் தாய் தோற்றுப்போனார். பிள்ளை புது வீட்டில் எவ்வளவு வேரூன்றுகிறதோ, அவ்வளவுக்கு நீதிபதியின் தராசு அந்தப் பக்கம் சாயும். அதனால்தான் கலண்டர்.

சரி, ஒம்புட்ஸ்மனுக்கு வருவோம்.

நீங்கள் எழுதியது இங்கிலாந்தின் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனுக்கு. (ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு வேறு வேறு ஆட்கள்.) இந்தப் பதவி 1974ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் பிறந்தது. அவருக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அவர் மனமிரங்கிக் கொடுக்கக்கூடிய விலக்குகளும் உண்டு, அவரே நினைத்தாலும் கொடுக்க முடியாதவையும் உண்டு. நம்மவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

காலக்கெடுவை எடுங்கள். பிரச்சினை தெரிய வந்து 12 மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். அது கடந்துபோனாலும் தக்க காரணம் இருந்தால் அவர் எடுத்துக்கொள்ளலாம். அதேபோல, நீதிமன்றத்துக்குப் போக வழி இருந்தும் ஒருவர் போகவில்லை என்றால், போயிருக்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று தோன்றினால் அந்த விடயத்தையும் எடுக்கலாம். இவை இளகக்கூடிய விதிகள்.

உங்களுக்குக் குறுக்கே நிற்பது இளகாத விதி. நீதிமன்ற வழக்கைத் தொடங்கியது, நடத்தியது சம்பந்தமான எதையும் ஒம்புட்ஸ்மன் விசாரிக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொல்கிறது. விலக்கு என்ற பேச்சே அதில் இல்லை. நீதிமன்றத்துக்கு என்ன அறிக்கை போனது, அதில் என்ன எழுதியிருந்தது, எது விடுபட்டது, சாட்சிக் கூண்டில் சோஷல் வேர்க்கர் என்ன சொன்னார் என்பதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும். அறிக்கையில் இருப்பது பச்சைப் பொய் என்றாலும் இதுதான் நிலை. பொய்யைப் பொய் என்று சொல்லும் இடம் நீதிபதி முன்னால், குறுக்கு விசாரணையில்.

உங்களைப் பற்றிய அந்த அறிக்கை, அதாவது உங்கள் வீட்டு மேசையில் ஒன்றரை மணி நேரத்தில் உருவானது, வழக்குக் கட்டுக்குள் போய்விட்டது. போன அன்றே அது ஒம்புட்ஸ்மனின் கைக்கு எட்டாததாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இல்லை, பதினேழு வயதுப் பையன் சொன்னதை வைத்து எழுதினார்கள் என்பது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரிகிறது. "இரண்டு அடி போட்டு வளர்த்தோம்" என்பது எங்கள் வீடுகளில் பாதிப் பகிடியாக, பாதிப் பெருமையாகச் சொல்கிற பேச்சு. ஒரு பையன் அதை இங்கிலீஷில் சொல்லும்போது சிரிப்பு உதிர்ந்துபோய் அடி மட்டும் மிஞ்சும். தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்திருந்தால் சோஷல் வேர்க்கர் அடுத்த கேள்வியாவது கேட்டிருப்பார். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடமும் நேரமும் போன வருடம் நடந்த வழக்குத்தான்.

அப்போது என்ன செய்திருக்கலாம் என்று சொல்வது உங்களைக் குற்றம் சொல்வதற்காக இல்லை. இதே நிலையில் இன்று இருக்கிற இன்னொரு அம்மம்மா இதைப் படிக்கக்கூடும். உறவினரைப் பற்றிய முதற்கட்ட மதிப்பீடு பாதகமாக வந்தால், மகளின் சொலிசிட்டர் மூலம் நீதிமன்றத்திடம் இன்னொரு மதிப்பீடு கேட்கலாம். அம்மம்மா தானே வழக்கில் சேர அனுமதி கேட்கலாம். ஸ்பெஷல் கார்டியன்ஷிப், அதாவது தத்துக் கொடுக்காமலே பிள்ளையை உறவினர் பொறுப்பில் விடுகிற ஆணை, அதற்கும் விண்ணப்பிக்க அனுமதி கேட்கலாம். இவற்றை உங்களுக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தகப்பனுக்காக 14 பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, இணைப்புகளுக்கு வர்ணத் தாள் வைத்து, அவ்வளவு வடிவாக. எழுதி முடிந்த வாரத்தில்தான் என்னுடைய மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "தீர்ப்பு வந்தது எப்போது?" என்று கேட்டார். குடும்ப நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு அனுமதி கேட்க 21 நாள்தான். அது இரண்டு நாளுக்கு முன்னால் முடிந்திருந்தது. பிந்தியும் கேட்கலாம், ஆனால் ஏன் பிந்தியது என்று விளக்க வேண்டும். நான் எழுத வேண்டிய விளக்கம், நான் முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன் என்பது. அந்த 14 பக்கமும் இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது.

முறைப்பாடு எதையும் நிறுத்தி வைக்காது. கவுன்சிலுக்கு எழுதினாலும் ஒம்புட்ஸ்மனுக்கு எழுதினாலும் பிள்ளையின் வழக்கு தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். பிள்ளைகள் சம்பந்தமான முறைப்பாட்டுக்கு கவுன்சிலில் மூன்று கட்டம். முதல் கட்டத்துக்கு அதிகபட்சம் 20 வேலை நாள். இரண்டாம் கட்டத்தில் ஒரு விசாரணை அதிகாரியும், அவரோடு வெளியாள் ஒருவரும் பார்ப்பார்கள், அதற்கு 65 வேலை நாள்வரை. மூன்றாவது கட்டம் மூன்று பேர் குழு: கூட 30 நாள், அறிக்கைக்கு 5 நாள், கவுன்சிலின் பதிலுக்கு 15 நாள். கூட்டினால் 135 வேலை நாள், 27 வாரம். எல்லோரும் நேரம் தவறாமல் வேலை செய்தால்தான் அதுவும். பிள்ளையை எடுக்கிற கெயார் வழக்கு முழுவதையும் 26 வாரத்தில் முடிக்க வேண்டும் என்பது 2014இல் வந்த சட்டம். முறைப்பாட்டின் கடைசிக் கடிதம் வீட்டுக்கு வரும்போது தீர்ப்பின் மை காய்ந்துவிடும்.

உங்கள் விடயத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. வழக்கு நடக்கும்போது முறைப்பாட்டை விசாரித்தால் வழக்குக்குப் பாதிப்பு வரும் என்று கவுன்சில் நினைத்தால் அதைத் தள்ளி வைக்கலாம், 2006ஆம் ஆண்டு விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. வழக்கு முடிந்து ஒரு வருடத்துக்குள் திரும்பக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள், சரியாகத்தான் செய்தீர்கள். ஆனால் வழக்கு முடிந்த பிறகு, அறிக்கையைப் பற்றிய பகுதியெல்லாம் நீதிமன்றம் பார்த்த விடயமாகிவிடுகிறது. முன்னால் போனால் பொறு என்பார்கள், பின்னால் போனால் முடிந்தது என்பார்கள். பந்தாடுகிறார்கள் என்று நீங்கள் எழுதியது மிகை இல்லை. ஒரே பிள்ளையைப் பற்றி நீதிபதி ஒன்றும் ஒம்புட்ஸ்மன் இன்னொன்றும் சொல்லக்கூடாது என்ற காரணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் பொறுங்கள் என்று கடிதம் எழுதுகிறவர்கள், "நீதிமன்றத்தில் இதைச் சொல்லாவிட்டால் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துபோகும்?

அப்படியென்றால் ஒம்புட்ஸ்மனிடம் போக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. நீங்கள் முக்கியமில்லை என்று நினைக்கிற பகுதிதான் அது.

நவம்பரில் கொடுத்த முறைப்பாட்டுக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை என்கிறீர்கள். அது வழக்கில் பார்த்த விடயமில்லை, கவுன்சிலின் நிர்வாகக் குறை. முறைப்பாட்டை மூன்று கட்டமாக எடுக்காமல் விட்டது, நாள் கடத்தியது, இரண்டாம் கட்டம் கேட்டும் கொடுக்காதது போன்றவற்றை ஒம்புட்ஸ்மன் அடிக்கடி விசாரித்துத் தவறு என்று சொல்லியிருக்கிறார். பெற்றோருக்கு இருக்கிற மாதிரி அம்மம்மாவுக்கு இந்த மூன்று கட்ட முறையில் நேரடி உரிமை இல்லை. பிள்ளையின் நலனில் போதிய அக்கறை உள்ளவர் என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டால் உண்டு. வளர்க்க முன்வந்து, மதிப்பீடும் செய்யப்பட்டவரை அக்கறை இல்லாதவர் என்று சொல்வது கஷ்டம். அதனால் இப்போது கவுன்சிலுக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: நவம்பரில் இன்ன தேதியில் கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதில் வரவில்லை, இரண்டாம் கட்டத்துக்கு எடுங்கள் என்று. அறிக்கையில் என்ன பிழை என்பதை அதில் தொடாதீர்கள். தொட்டால் கடிதம் முழுவதும் நீதிமன்ற விடயம் என்ற பெட்டிக்குள் போய்விடும்.

ஏப்ரல் கடிதத்துக்கு எதிராக மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் தருவார்கள். அறிக்கையைப் பற்றிய பகுதியில் அதனால் பலன் வராது என்பது என் அபிப்பிராயம். ஆனால் நீங்கள் எழுதியதில் பதில் தராத குறையும் இருந்து, அதை அவர்கள் கவனிக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளியிருந்தால், அதை மட்டும் பிரித்துக் காட்டி நாலு வரி எழுதலாம்.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு மன்னிப்புக் கடிதம். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் பெரும்பாலும் சில நூறு பவுண்ஸ். இனி இப்படி நடக்காமல் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று கவுன்சிலுக்கு ஒரு பரிந்துரை. அந்தப் பரிந்துரைக்குச் சட்டக் கட்டாயம் இல்லை, என்றாலும் கவுன்சில்கள் கிட்டத்தட்ட எப்போதும் ஏற்றுக்கொள்கின்றன. பேத்தி திரும்பி வருவது இந்தப் பட்டியலில் இல்லை. நீதிமன்ற ஆணையை மாற்றும் அதிகாரம் ஒம்புட்ஸ்மனுக்குக் கிடையாது. நடைமுறை ஒழுங்காக இருந்தால், கவுன்சிலின் முடிவு நல்லதா கெட்டதா என்று கேட்கவும் அவருக்கு இடமில்லை.

இனி அந்த சோஷல் வேர்க்கர். ஒம்புட்ஸ்மன் விசாரிப்பது கவுன்சிலைத்தான், தனி ஆளை இல்லை. ஒருவரை வேலையிலிருந்து நிறுத்து, தண்டனை கொடு என்று சொல்ல அவருக்கு அதிகாரமே கொடுக்கப்படவில்லை. தனி ஆளைப் பற்றிக் கேட்கிற இடம் சோஷல் வேர்க் இங்கிலாந்து என்ற ஒழுங்குமுறை அமைப்பு, 2019 டிசம்பரில் வேலையைத் தொடங்கியது. அங்கே கேட்கப்படும் கேள்வி, இந்த ஆள் இந்தத் தொழிலில் இருக்கத் தகுதியானவரா என்பது. நேர்மையீனம், திரும்பத் திரும்ப வேலையைக் கவனிக்காமை போன்ற பாரதூரமானவைக்குத்தான் அது. ஒரு வருகையில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடாதது அந்த அளவுக்குப் போகுமா என்பது எனக்குச் சந்தேகம். போனாலும் தீர்ப்பு மாறாது. கோபம் நியாயமானதுதான் அம்மா, ஆனால் இந்த மே மாதத்தில் உங்களிடம் இருக்கிற பலத்தை அதில் செலவழிக்க வேண்டாம். அந்தக் கதவு ஜூலையிலும் திறந்துதான் இருக்கும். (வழக்கில் பிள்ளைக்காக வந்தவர் கஃப்காஸ் அமைப்பின் கார்டியன் என்றால் அவரைப் பற்றிய முறைப்பாட்டுக்கு வேறு ஒம்புட்ஸ்மன், அதுவும் உங்கள் எம்.பி. மூலமாகப் போக வேண்டும். பார்த்தீர்களா, எத்தனை வாசல்!)

இப்போது கையில் இருக்கிற வேலைக்கு வருகிறேன்.

பிளேஸ்மென்ட் ஓர்டரையே ரத்துச் செய்யக் கேட்கிற ஒரு வழி சட்டத்தில் இருந்தது. ஆனால் பிள்ளை தத்தெடுப்பவர் வீட்டுக்குப் போகும்வரைதான் அது. மார்ச்சில் பேத்தி போன அன்றே அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒம்புட்ஸ்மனின் பதிலுக்காக நீங்கள் காத்திருந்த நடுவில் நடந்தது அது. மிஞ்சியிருப்பது மகள் தத்து ஆணையை எதிர்க்க அனுமதி கேட்கும் வழி. உங்களுக்கும் ஒன்று இருக்கிறது: தத்து விண்ணப்பம் போடப்பட்ட பிறகு, ஸ்பெஷல் கார்டியன்ஷிப் கேட்க நீதிமன்றத்தின் அனுமதியை நீங்களே கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் செய்த மதிப்பீடு என்ற உங்கள் குறைக்கு உண்மையான இடம் அங்கேதான் வரும். உங்களை ஒழுங்காக ஒருதரமும் மதிப்பிடவில்லை என்று நீதிபதியிடம் சொல்லலாம். அவர் கேட்பார், கேட்க அதிகாரமும் உள்ளவர்.

தத்து ஆணை வந்துவிட்டால் அநேகமாக எல்லாம் முடிந்த மாதிரி. நார்ஃபோக்கில் ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகளை 2005இல் தத்துக் கொடுத்தார்கள். பிள்ளையின் எலும்பு முறிவுக்குக் காரணம் பெற்றோரின் வன்முறை இல்லை, விற்றமின் சீ குறைபாடாக இருக்கலாம் என்று பிறகு மருத்துவர்கள் சொன்னார்கள். 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெற்றோருக்காக வருத்தப்பட்டது, ஆனால் தத்து ஆணைகளை ரத்துச் செய்யவில்லை. அவ்வளவு இறுகிய ஆணை அது.

ஆகவே இந்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பிள்ளைகள் சட்டத்தில் வேலை செய்கிற சொலிசிட்டர் ஒருவரிடம் போங்கள். வீடு வாங்கும்போது பார்த்த சொலிசிட்டரிடம் போக வேண்டாம், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். தத்து ஆணையை எதிர்க்கிற பெற்றோருக்கு 2023 மே மாதத்திலிருந்து லீகல் எயிட் (வழக்குச் செலவுக்கு அரசு தரும் உதவி) கொடுக்கும்போது வருமானம் பார்ப்பதில்லை, வழக்கில் பலம் இருக்கிறதா என்பதைப் பார்ப்பார்கள். மகள் வேலைக்குப் போவதால் கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். உங்களுடைய விண்ணப்பத்துக்கு வருமானமும் பார்ப்பார்கள். ஃபாமிலி ரைட்ஸ் குரூப் என்ற அறக்கட்டளை இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்கிறது, சொலிசிட்டர் கிடைக்கும்வரை அவர்களிடமும் கேட்கலாம்.

போகும்போது கையில் கொண்டு போக வேண்டியது: மகளின் மனநல மருத்துவரிடமிருந்து, எப்போதிலிருந்து என்ன மருந்து, எத்தனை முறை வந்திருக்கிறார், இப்போது எப்படி இருக்கிறார் என்று தேதியோடு ஒரு கடிதம். சம்பளச் சீட்டுகள். வீட்டு வாடகை ஒப்பந்தம். ஒக்டோபர் தீர்ப்பின் பிரதி, அதில் நீதிபதி மகளைப் பற்றி என்ன கவலை சொன்னார் என்ற பந்திகளுக்குக் கோடு போட்டு. ஒவ்வொரு கவலைக்கும் எதிரே இன்றைய நிலைமை என்ன என்று எழுதுங்கள். "அவள் நல்ல பிள்ளை" என்று பத்துப் பேரிடம் கடிதம் வாங்குவதில் பிரயோசனம் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதில் போய்விடும்.

கடிதத்தோடு இன்னொரு தாளும் வைத்திருந்தீர்கள், உறவுக்காரப் பையன் ஒருவன் ஃபேஸ்புக்கில் போட்ட பதிவின் படம். பேத்தியின் முகம், சோஷல் வேர்க்கரின் பெயர், "எங்கள் பிள்ளையைத் திருடிவிட்டார்கள்" என்று. அதை இன்றைக்கே அகற்றச் சொல்லுங்கள். குடும்ப வழக்கின் விவரத்தை வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பாகலாம். முறைப்பாடு செய்வதற்கும் ஆலோசனை கேட்பதற்கும் வேண்டிய அளவு விவரத்தைக் கொடுக்க விதிகள் அனுமதிக்கின்றன, ஊருக்குக் காட்ட அனுமதிப்பதில்லை. அதைவிட, தத்தெடுக்கப் போகிற குடும்பம் அந்தப் பதிவைப் பார்த்தால் உங்களோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று பயந்துவிடும்.

அந்தத் தொடர்பைப் பற்றியும் இப்போதே பேச வேண்டும். வழக்கு எப்படிப் போனாலும், கடிதத் தொடர்புத் திட்டத்தில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கவுன்சிலுக்குத் தனியாக எழுதுங்கள். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கடிதம் கவுன்சில் வழியாகப் போகும், வரும். பெரும்பாலும் மகளுக்கு மட்டும் வைத்துவிட்டு அம்மம்மாவை மறந்துவிடுவார்கள். பேத்தி யார், எங்கிருந்து வந்தவள், அவளைக் கேட்டு ஒருத்தி நின்றாள் என்பதற்கு அவளிடம் இருக்கப்போகிற தாள் அதுவாக இருக்கலாம். தத்து முடிந்த பிறகும் தொடர்புக்கு ஆணை கேட்க நீதிமன்றத்தில் வழி உண்டு, ஆனால் தத்தெடுத்தவர்கள் விரும்பாவிட்டால் அது மிகவும் கஷ்டம். நாளைக்கு கவுன்சில் உங்கள் கடிதத்தை லாச்சியில் போட்டுவிட்டு அனுப்பாமல் விட்டால், அப்போது ஒம்புட்ஸ்மனிடம் போங்கள். அது முழுக்க அவருடைய எல்லைக்குள் வருகிற முறைப்பாடு.

கடைசியாக ஒன்று. தத்து விண்ணப்பத்தின் விசாரணைத் தேதியை மகளுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மகள் வருத்தமாக இருந்த காலத்தில் இருந்த அறையை விட்டு இப்போது உங்களோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத்திடமும் கவுன்சிலிடமும் இருப்பது எந்த விலாசம்? நாளைக் காலை இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, புது விலாசத்தைக் கொடுத்து, கிடைத்தது என்று பதில் வாங்கி வையுங்கள்.